'அலூஃப்' என்றால் சரியாக என்ன? தமிழில் எப்படி எழுதுவது?

கொண்டைஊசி17

ஏற்காட்டு விடுதிப் பள்ளி ஒன்றின் பருவ அறிக்கைகள் தமிழாக்கத்துக்கு வந்திருக்கின்றன. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பற்றி வகுப்பாசிரியர் எழுதிய வரி இது:

"ஷி இஸ் ரேதர் அலூஃப் ஃப்ரம் ஹெர் பியர்ஸ், பட் அட்டென்டிவ் இன் கிளாஸ்."

மற்றதெல்லாம் முடிந்தது. 'அலூஃப்' மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அகராதியில் ஒதுங்கிய, தனித்த, விலகிய, அக்கறையற்ற என்று நாலு சொல் இருக்கிறது. நாலும் நாலு விதமான பெண்ணைக் காட்டுகின்றன. அறிக்கை போகிற வீட்டில் யாராவது வாய்விட்டுப் படிப்பார்கள், அம்மா கேட்பார். காதில் விழுந்ததும் புரிய வேண்டும், கேட்டவுடன் வயிற்றைக் கலக்கவும் கூடாது. என்ன போடலாம்? அந்தச் சொல்லுக்கு நிஜமாகவே என்ன பொருள் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜவ்வரிசி

சேலத்துல காலேஜ் பசங்ககிட்ட கேட்டா 'அவ அலூஃபா இருக்கா'ன்னா ஹெட்வெயிட்டுன்னு அர்த்தம். இன்னும் கொஞ்சம் பேர் அதை 'அலோன்' கூடக் குழப்பிக்கிட்டு, தனியா இருக்கறதுன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. ரெண்டுல எதுங்க சரி?

செவ்வாய்ப்பேட்டை

இரண்டுமே முழுசாகச் சரியில்லை தம்பி.

'அலோன்' என்பது வெறும் எண்ணிக்கை. பக்கத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். 'அலூஃப்' என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இருந்தாக வேண்டும். கல்யாண மண்டபத்தில் இருநூறு பேருக்கு நடுவில் ஒருவர் அலூஃபாக இருக்கலாம். ஆளில்லாத காட்டில் இருக்க முடியாது. யாரிடமிருந்து, எதிலிருந்து என்ற கேள்விக்குப் பதில் இருந்தால்தான் அந்தச் சொல் நிற்கும்.

பிறப்பைப் பார்த்தால் விளங்கிவிடும். இது கப்பல்காரர்கள் பேச்சு. பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் தலைகாட்டுகிறது. 'லஃப்' என்றால் பாய்க்கப்பலுக்குக் காற்று வருகிற பக்கம். டச்சு மொழியின் 'லூஃப்' அதன் உறவுக்காரச் சொல். காற்று கரையைப் பார்த்து அடிக்கும்போது கப்பலை அதன் போக்கில் விட்டால் பாறையில் கொண்டுபோய் மோதிவிடும். அதனால் சுக்கான் பிடிப்பவனுக்கு உத்தரவு வரும்: மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பு, கரையை விட்டுத் தள்ளியே பிடி. அந்தத் தள்ளிப் பிடிப்பதுதான் பிறகு மனிதர்களுக்கு வந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சும்மா இருந்தால் கப்பல் கரைக்குப் போய்விடும், தள்ளி நிற்க வேலை செய்தாக வேண்டும். ஆக, அலூஃப் என்பது காப்பாற்றப்படும் தூரம். உள்ளே உணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்று அந்தச் சொல் வாயே திறப்பதில்லை. உங்கள் அகராதியின் நாலாவது பொருளான 'அக்கறையற்ற'வை முதலில் அடித்துவிடுங்கள். அது 'இன்டிஃபரன்ட்' வீட்டுப் பிள்ளை.

இலக்கணத்தையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவது 'ஃப்ரம்'. முன்னால் வருகிற வினைகள் ஸ்டாண்ட், கீப், ஹோல்ட், ரிமெயின். 'அலூஃப் டு' என்று எழுதுவது 'இன்டிஃபரன்ட் டு'வின் வாடை ஒட்டியதால் வருகிற பிழை. 'வித்' ஓரிடத்தில் செல்லும்: நாய் இனங்களைப் பற்றி எழுதும்போது 'அலூஃப் வித் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்பார்கள். அங்கே அது பாராட்டு. புது ஆளிடம் வாலாட்டாது, கடிக்கவும் பாயாது, தள்ளி நின்று பார்க்கும் என்று பொருள்.

'அ'வில் தொடங்கும் அஸ்லீப், அலைவ், அலோன், அஃப்ரெய்ட் எல்லாம் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வராது. 'ஆன் அஸ்லீப் சைல்ட்' தப்பு. அலூஃப் இதில் விதிவிலக்கு, 'ஆன் அலூஃப் மேன்' சரிதான். உச்சரிப்பில் அழுத்தம் 'லூ'வின் மேல் விழ வேண்டும், 'ரூஃப்' போல. 'ஆலூப்' என்று முதலில் அழுத்தினால் வடநாட்டு உருளைக்கிழங்கு மாதிரி கேட்கும்.

நாலுரோடு

இவ்வளவு சுற்றுவானேன்? தமிழில் பற்றின்மை என்ற சொல் இருக்கிறது. 'பற்றற்றவளாக இருக்கிறாள்' என்று எழுதுங்கள். ஈராயிரம் ஆண்டுச் சொல்லை விட்டுவிட்டு டச்சுக் கப்பலில் ஏறுவது எதற்கு?

வெள்ளிக்கொலுசு

நாலுரோடு சார், ஏழாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றற்றவள் என்று எழுதினால், பெண் சாமியாராகப் போகிறாளோ என்று அந்த அம்மா அடுத்த பஸ்ஸைப் பிடித்து மலைக்கு வந்துவிடுவார். பற்று அறுப்பது துறவியின் சாதனை. இந்தப் பிள்ளை எதையும் அறுக்கவில்லை, இன்னும் ஒட்டவே இல்லை.

கொண்டைஊசி தம்பி, அகராதிச் சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்.

'விலகி இருக்கிறாள்': பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பெண்ணைப் பற்றி வேண்டவே வேண்டாம். வீட்டுவிலக்கு என்ற பேச்சு இன்னும் புழங்குகிற வீடுகளில் பாட்டி அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார், வகுப்பாசிரியர் இதையெல்லாமா எழுதுவார் என்று கோபமும் வரும்.

'ஒதுங்கி இருக்கிறாள்': இதன் பக்கத்து வீட்டிலேயே 'ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்' குடியிருக்கிறது. வாய்விட்டுப் படிக்கும்போது ஒதுங்கி, ஒதுக்கி என்ற ஓரெழுத்து வித்தியாசம் காணாமல் போகும். என் பிள்ளையை யார் ஒதுக்கினார்கள், என்ன சாதி என்று கேட்டு ஒதுக்கினார்களா என்று அடுத்த கேள்வி பிறக்கும். அறிக்கையில் இல்லாத சண்டையை மொழிபெயர்ப்பு கொண்டுவந்துவிடும்.

'தனித்து இருக்கிறாள்': பரிதாபத்தைக் கூட்டுகிறது. ஆசிரியர் பரிதாபப்பட்டு எழுதவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் தமிழ் பெயரடையை நம்புவதில்லை, வினையைத்தான் நம்பும். யாரோடும் ஒட்டமாட்டேங்கிறா, முகங்கொடுத்துப் பேசமாட்டா, பட்டும் படாமலும் இருக்கா, எட்டியே நிக்கறா, பிடிகொடுக்க மாட்டா. கையில் இருக்கிற சரக்கு இதுதான். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. 'மாட்டாள்' என்றதும் பிடிவாதம் உள்ளே வந்துவிடும். 'ஒட்ட மாட்டாள்' என்றால் அவள் வேண்டாம் என்று வைத்திருக்கிறாள். 'ஒட்டவில்லை' என்றால் நடக்கவில்லை, காரணம் சொல்லப்படவில்லை. 'ஒட்டாமல் இருக்கிறாள்' இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஆங்கிலச் சொல் கூச்சமா கர்வமா என்று பிரித்துச் சொல்லாமல் தப்பித்துவிடுகிறது. தமிழில் வினைமுற்றைத் தேர்ந்தெடுக்கும்போதே தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது.

அதனால் வார்த்தை தேடுவதற்கு முன்னால் ஆசிரியருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். அவர் கண்ணால் என்ன பார்த்தார்? சாப்பாட்டு மேசையில் எங்கே உட்காருகிறாள், யாராவது பேசினால் பதில் சொல்கிறாளா, விளையாட்டு நேரத்தில் எங்கே நிற்கிறாள். இந்த மூன்று போதும்.

செவ்வாய்ப்பேட்டை

அம்மணி சொன்ன வினைமுற்று விஷயம் நூற்றுக்கு நூறு.

'ரேதர்' என்பதையும் விட்டுவிட வேண்டாம். 'ரேதர் டால்' என்றால் கொஞ்சம் உயரம், சரி. குணத்தைச் சொல்லும் சொல்லோடு சேர்ந்தால் பிரிட்டிஷ் நடையில் அது லேசான முகச்சுளிப்பு. இந்த ஆசிரியருக்கு முழுத் திருப்தி இருந்திருந்தால் 'க்வையட்' என்றோ 'ரிசர்வ்டு' என்றோ போட்டிருப்பார். அவை மரியாதையான சொற்கள். ரிசர்வ்டு என்றால் அளந்து பேசுகிறவர், அதில் குற்றம் இல்லை. அலூஃபில் எப்போதும் ஒரு சிட்டிகை குறை இருக்கும். பார்க்கிறவருக்கு அந்தத் தூரம் உறுத்துகிறது என்று அர்த்தம். அலூஃப் என்று தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்பவர் குறைவு. எதிரே நிற்பவர் ஒட்டுகிற சீட்டு அது.

'பியர்ஸ்' என்பதற்குச் சகாக்கள் என்று எழுதிவிடாதீர்கள். அது தொழிற்சங்க மேடை. கூடப் படிக்கிற பிள்ளைகள் என்றால் போதும்.

சில்வர்ஓக்

ஆலோசகர்கள் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். இந்தச் சொல்லுக்குக் கொஞ்ச காலம் ஒரு மருத்துவப் பயன்பாடும் இருந்தது, அதனால் கவனம் வேண்டும்.

1979இல் லார்னா விங், ஜூடித் கோல்ட் இருவரும் லண்டனின் கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்து எழுதினார்கள். ஆட்டிசம் சார்ந்த பழகுமுறைகளை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள்: அலூஃப், பேஸிவ் (தானாகப் பழகாது, பிறர் பழகினால் ஏற்றுக்கொள்ளும்), ஆக்டிவ் பட் ஆட் (தானே போய்ப் பழகும், ஆனால் விநோதமான விதத்தில்). அங்கே அலூஃப் என்றால் பிறர் இருப்பதையே பொருட்படுத்தாத குழந்தை. பழைய மதிப்பீட்டு அறிக்கைகளில் இந்தச் சொல்லைப் பார்த்தால் 'தள்ளி நிற்கிறான்' என்று லேசாகப் பெயர்க்கக் கூடாது. பள்ளி அறிக்கையில் பார்த்தால் இதை நினைத்துப் பயப்படவும் கூடாது. எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

ஃப்ளாட் அஃபெக்ட் என்பதும் அலூஃப் அல்ல. முகத்திலும் குரலிலும் உணர்ச்சி ஏறாமல் இருப்பது அது; மருத்துவர் கண்ணால் பார்த்து எழுதுகிற அறிகுறி. மனச்சோர்வில் வரும், சில மாத்திரைகளால் வரும், பார்க்கின்சன் நோயில் முகத்தசை அசைவு குறைந்து முகமூடி போட்டது போல இருக்கும். அந்த நோயாளிக்கு உள்ளே எல்லா உணர்ச்சியும் இருக்கலாம். வீட்டார் 'மனுஷன் எதுக்கும் அசைய மாட்டேங்கிறார்' என்று நொந்துகொள்வார்கள். அசையாதது முகம்தான். இதைத் தமிழில் எழுதும்போது 'உணர்ச்சியற்றவர்' என்று போடாமல் 'முகத்தில் உணர்ச்சி தெரிவது குறைவாக இருக்கிறது' என்று நீட்டி எழுதுவதுதான் நியாயம்.

அலெக்ஸிதைமியா இன்னொன்று. 1970களில் பீட்டர் சிஃப்னியோஸ் கிரேக்க வேர்களை வைத்துக் கட்டிய சொல், உணர்ச்சிக்கு வார்த்தை இல்லாமை என்பது நேர்ப்பொருள். நெஞ்சு படபடக்கிறது, வயிறு இறுகுகிறது என்று சொல்வார்கள். அது பயமா கோபமா என்று பெயர் வைக்கத் தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் இவர்களும் 'அலூஃப்'தான்.

விடுதிப் பிள்ளைகள் என்பதால் கடைசியாக ஒன்று. ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பௌல்பியும் 1950களில் தாயைப் பிரிந்து மருத்துவமனையில் இருந்த சின்னக் குழந்தைகளைக் கவனித்தார்கள். முதலில் அழுது அடம்பிடிக்கும், அப்புறம் சோர்ந்து ஒடுங்கும், மூன்றாவதாக 'டிடாச்மென்ட்'. அந்த மூன்றாவது கட்டத்தில் குழந்தை சாப்பிடும், சிரிக்கும், செவிலியர் 'பழகிடுச்சு' என்பார்கள். அம்மா வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவை ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகள், ஏழாம் வகுப்புக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஆனால் அந்தத் துறையில் டிடாச்மென்ட் என்பது இந்தக் கட்டத்தின் பெயர். ஒட்டியிருந்தது கழன்றது என்பது அதன் கரு.

வெள்ளிக்கொலுசு

அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். டிடாச்டு வேறு, அலூஃப் வேறு என்பதற்கு ஏற்காட்டு லாட்ஜ் போர்டே சாட்சி. 'அட்டாச்டு பாத்ரூம்' என்று எல்லா போர்டிலும் இருக்கும், யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அதைத் திருப்பினால் டிடாச்டு. டிடாச்டு ஹவுஸ் தனி வீடு. செமி டிடாச்டு என்றால் ஒரு சுவர் மட்டும் பொது. படையில் டிடாச்மென்ட் என்பது பெரிய அணியிலிருந்து பிரித்து வேறு வேலைக்கு அனுப்பிய சிறு பிரிவு. கண் மருத்துவர் சொல்லும் ரெட்டினல் டிடாச்மென்ட் விழித்திரை பிரிந்துகொள்வது. எல்லாவற்றிலும் ஒட்டு என்கிற பேச்சு முதலில் இருக்கிறது, அப்புறம் பிரிவு. அலூஃபுக்கு முன்கதை வேண்டாம். முதல் நாளிலிருந்தே தள்ளி நிற்கலாம்.

இன்னொரு வித்தியாசம், டிடாச்டு பாராட்டாகவும் வரும். டிடாச்டு அப்சர்வர் என்றால் சார்பில்லாமல் பார்க்கிறவர். மருத்துவக் கல்வியில் 'டிடாச்டு கன்சர்ன்' என்று ஒன்று உண்டு. 1963இல் ஹரால்ட் லீஃப், ரெனீ ஃபாக்ஸ் இருவரும் எழுதிய கட்டுரையால் பரவிய சொல். நோயாளி மேல் அக்கறை வேண்டும், கூடவே உட்கார்ந்து அழுதுவிட்டால் ஊசி போட முடியாது. இதைப் 'பற்றற்ற அக்கறை' என்று மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறார்கள், ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. 'கலங்காத அக்கறை' என்றால் நர்ஸ் படிக்கிற பிள்ளைக்கும் புரியும்.

நாலுரோடு

சரி, பற்றின்மையை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் தமிழில் இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். செவ்வாய்ப்பேட்டை ஐயா சொன்ன 'தூரம் இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது தெரியாது' என்பதற்கு வள்ளுவரிடம் அச்சாக ஒரு குறள் இருக்கிறது, 1099:

ஏதிலார் போலப் பொதுநோக்கு நோக்குதல்
காதலார் கண்ணே உள.

முன்பின் தெரியாதவர்கள் போல எல்லாரையும் பார்க்கிற அதே பார்வையை ஒருவர் மேல் ஒருவர் போடுவது காதலர்களிடம்தான் உண்டு என்கிறார். பொதுநோக்கு! வெளியிலிருந்து பார்க்கிறவன் அலூஃப் என்றுதான் எழுதுவான். உள்ளே நடப்பதோ வேறு.

இன்னொரு சொல் நொதுமல். பகையும் இல்லை, நட்பும் இல்லை, நடுவில் நிற்கிறவன் நொதுமலன். நடுவுநிலைமை அதிகாரத்துக்கு முன்னுரை எழுதும் பரிமேலழகர் பகை, நொதுமல், நட்பு என்று மூன்றாகத்தான் வகுக்கிறார். நியூட்ரானுக்கு நொதுமி என்று சிலர் தமிழில் பெயர் வைத்ததும் இதே வேரிலிருந்து. பேச்சில் நாம் நொதுமல் என்ற சொல்லையே தொலைத்துவிட்டு, நியூட்ரலா இருக்கேன் என்கிறோம்.

செவ்வாய்ப்பேட்டை

நல்ல இடம் பிடித்தீர்கள். கூடவே 691ஐயும் வையுங்கள்: அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க. ராஜாவிடம் பழகுகிறவனுக்குச் சொன்னது. ஏற்காட்டில் டிசம்பர் மாத ராத்திரி கட்டை எரித்து உட்கார்ந்தவர்களுக்கு அந்தத் தூரம் எவ்வளவு என்று உரை வேண்டாம். ஆனால் அது கணக்குப் போட்டு வைத்த தூரம், தனக்கு லாபமானது. இன்றைய பேச்சில் 'குளிர் காய்கிறான்' என்றால் அடுத்தவன் சண்டையில் ஆதாயம் பார்க்கிறவன் என்று பொருள் எங்கேயோ போய்விட்டது.

நொதுமல் அழகான சொல்தான். அந்த அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்தால் 'நொந்துபோய்' என்று காதில் விழும்.

நாலுரோடு

ஒப்புக்கொள்கிறேன். அறிக்கைக்கு வேண்டாம்.

ஜவ்வரிசி

அப்ப நான்ஷலன்ட்? இப்ப ரீல்ஸ் பூரா அதுதான். 'நான்ஷலன்டா இருக்கணும்'னு பசங்க ஒரு மார்க்கமா திரியறாங்க. அதுவும் இதே குடும்பமா?

செவ்வாய்ப்பேட்டை

சித்தப்பா பிள்ளை முறை. பிரெஞ்சுச் சொல், வேர் லத்தீனின் 'காலேரே', சூடாக இருப்பது. 'நான்' அதை மறுக்கிறது. சூடு ஏறவில்லை, அவ்வளவுதான். பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் டீ ஆற்றிக் குடித்துக்கொண்டிருப்பவன் நான்ஷலன்ட். ஆட்களோடு நன்றாகவே பழகுவான், விஷயத்துக்குத்தான் சூடேற மாட்டான். அலூஃப் ஆளிடமிருந்து தூரம். நான்ஷலன்ட் நடப்பதைப் பற்றிக் கவலை காட்டாமை. காட்டாமை என்பதில் அழுத்தம். பாதி நேரம் அது நடிப்பு. ரீல்ஸ் பிள்ளைகள் 'இருக்கணும்' என்று முயற்சி செய்கிறார்கள் என்றால் அங்கேயே அது போச்சு.

வெள்ளிக்கொலுசு

நான்ஷலன்டுக்குத் தமிழில் 'விட்டேத்தியா' கிட்டத்தட்ட வரும். விட்டேற்றி என்றால் முதலில் கட்டுப்பாடு, பந்தம் இல்லாதவன். இப்போது 'விட்டேத்தியா பதில் சொன்னான்' என்றால் அலட்சியம். நான்ஷலன்டில் இருக்கிற ஸ்டைல் விட்டேத்தியில் இல்லை, வசவு மட்டும் இருக்கிறது.

இன்டிஃபரன்டுக்கு நம்மிடம் சொல் ஏராளம், எல்லாம் வசவுதான்: எருமை மாட்டு மேல மழை பேஞ்ச மாதிரி, யாருக்கு வந்த விருந்தோன்னு, எனக்கென்ன போச்சுன்னு, கடனேன்னு. 'யாருக்கு வந்த விருந்தோ' வேலை செய்துகொண்டே மனசு வைக்காதவனுக்கு. 'எருமை மாடு' எவ்வளவு திட்டினாலும் உறைக்காதவனுக்கு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லில் போய்விடும், நாம் இடம் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

பாராமுகம் என்று ஒன்று இருக்கிறது, அதை அலூஃபுக்குப் போடுகிறவர்களும் உண்டு. பாராமுகத்தில் எதிரே ஒருவர் ஏங்கிக்கொண்டிருக்க வேண்டும். சாமியிடம்தான் அதிகம் கேட்கிறோம், ஏன் இந்தப் பாராமுகம் என்று. ஏங்குகிறவர் இல்லாத இடத்தில் அந்தச் சொல் நாடகமாகிவிடும்.

செவ்வாய்ப்பேட்டை

இன்டிஃபரன்டில் மொழிபெயர்ப்பாளர்கள் விழுகிற குழி ஒன்று உண்டு. 'ஆன் இன்டிஃபரன்ட் குக்' என்றால் அக்கறையில்லாத சமையல்காரர் அல்ல. சுமாரான சமையல்காரர், அதுவும் சுமாருக்குக் கொஞ்சம் கீழே. 'இன்டிஃபரன்ட் ஹெல்த்' என்றால் உடம்பு அவ்வளவு சரியில்லை. ஆள் ஒருவர் 'டு' போட்டு எதையோ இன்டிஃபரன்டாகப் பார்த்தால் அக்கறையின்மை. பொருளுக்கோ திறமைக்கோ முன்னால் ஒட்டி வந்தால் சுமார். முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன் அதற்குப் பாரபட்சமற்ற என்ற நல்ல பொருள்தான். இங்கிலாந்துத் திருச்சபையின் 1662 பிரார்த்தனை நூலில் நீதியை 'இன்டிஃபரன்ட்லி' வழங்க வேண்டும் என்று வரும். இன்றைக்கு ஒரு நீதிபதியைப் பற்றி அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

'டிஸ்இன்ட்ரஸ்டட்' இதற்கு அண்ணன். தனக்கு லாப நஷ்டம் இல்லாதவர் என்பது பொருள். அலுத்துப்போய் உட்கார்ந்திருப்பவர் 'அன்இன்ட்ரஸ்டட்'. செய்தித்தாளிலேயே இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. ஆனால் சட்டம் சார்ந்த காகிதத்தில் குழப்பினால் சார்பற்ற சாட்சி ஆர்வமில்லாத சாட்சியாகிவிடுவார்.

'அப்பதி'யும் அப்படித்தான் இறங்கியது. கிரேக்க ஸ்டோயிக்குகளுக்கு 'அபதேயா' உயர்ந்த நிலை, உணர்ச்சி வேகத்துக்கு ஆட்படாமை. இப்போது ஓட்டுப் போடாதவனைத் திட்டுகிற சொல். ஸ்டோயிக் என்ற பெயரே அவர்கள் கூடிப் பேசிய ஸ்டோவாவிலிருந்து வந்தது, ஏதென்ஸ் நகரத்துத் தூண்கள் வைத்த நடைக்கூடம். நம் ஊரில் நடந்திருந்தால் திண்ணைக்காரர்கள் என்று பெயர் வந்திருக்கும்.

சில்வர்ஓக்

ஃப்ளெக்மாட்டிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளெம் என்றால் சளி. கிரேக்க வைத்தியத்தில் குளிர்ச்சியும் ஈரமும் உள்ள திரவம், அது மிகுந்தவர் நிதானமானவர், எளிதில் கிளறிவிட முடியாது. நம் வாதம் பித்தம் கபம் கணக்கில் கப உடம்புக்காரர் என்றால் ஏறக்குறைய அதே ஆள்தான் கண்முன் வருவார். அலூஃபுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஃப்ளெக்மாட்டிக் மனிதர் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, நீங்கள் கத்துவதையெல்லாம் கேட்டுக்கொண்டு, இன்னொரு வடை எடுத்துக்கொள்வார்.

கொண்டைஊசி17

ஆசிரியரிடம் பேசியாயிற்று. அவர் சொன்னது: சாப்பாட்டு மேசையில் எல்லாரோடும்தான் உட்காருகிறாள். பேசினால் பதில் வருகிறது, தானாகப் போய்ப் பேசுவதில்லை. விளையாட்டு நேரத்தில் சுவரோரம் நின்று ஆட்டத்தைப் பார்க்கிறாள், கூப்பிட்டால் தலையாட்டிவிட்டு அங்கேயே நிற்கிறாள். இந்த ஜூனில்தான் சேர்ந்தாள். மற்ற பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது ஆங்கிலத்தில்.

இதுவரை எழுதியது: "வகுப்பில் கவனமாக இருக்கிறாள். கூடப் படிக்கும் பிள்ளைகளோடு ஒட்ட மாட்டாள்." 'மாட்டாள்' போகட்டும் என்று புரிந்துவிட்டது.

சில்வர்ஓக்

ஆட்டத்தைப் பார்க்கிறாள் என்பது முக்கியம். அக்கறை இல்லாத பிள்ளை பார்க்காது. எப்போது உள்ளே நுழையலாம் என்று கணக்குப் போடுகிற பிள்ளையும் இப்படித்தான் நிற்கும். மொழி ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதை அறிக்கையில் நுழைக்காதீர்கள், ஆசிரியர் எழுதவில்லை. ஆசிரியரிடம் மட்டும் சொல்லி வையுங்கள், தமிழ் பேசுகிற ஒரு பிள்ளையைப் பக்கத்து இடத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லி.

வெள்ளிக்கொலுசு

'ஒட்டவில்லை' என்று மாற்றி, முன்னால் 'இன்னும்' போடுங்கள். 'இன்னும்' போட்டாலே கதவு திறந்துதான் இருக்கிறது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். 'ரேதர்' என்பதற்கு 'அவ்வளவாக'.

"வகுப்பில் கவனமாக இருக்கிறாள். கூடப் படிக்கும் பிள்ளைகளோடு இன்னும் அவ்வளவாக ஒட்டவில்லை."

நாலுரோடு

ஆங்கிலத்தில் குறை முதலில், பாராட்டு பிறகு. நீங்கள் புரட்டிப் போட்டிருக்கிறீர்கள். எழுதியவர் வரிசையைக் காப்பாற்ற வேண்டாமா?

வெள்ளிக்கொலுசு

ஆங்கிலத்தில் 'பட்'டுக்குப் பின்னால் வருவதுதான் கனம், ஆசிரியர் பாராட்டில்தான் முடிக்கிறார். நீங்கள் சொல்வது சரி, நான் புரட்டியதில் கனம் குறையின் பக்கம் போய்விட்டது. திருப்பிவிடுவோம்:

"கூடப் படிக்கும் பிள்ளைகளோடு இன்னும் அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் வகுப்பில் நன்றாகக் கவனிக்கிறாள்."

'கவனமாக இருக்கிறாள்' என்றால் ஜாக்கிரதையாக இருக்கிறாள் என்றும் கேட்கும், அதனால் அதையும் மாற்றிவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டை

ஒரே ஒரு ஐயம். 'இன்னும்' என்பது ஆசிரியர் சொல்லாத நம்பிக்கை. மூலத்தில் 'யெட்' இல்லை.

வெள்ளிக்கொலுசு

இல்லைதான் ஐயா. அது இல்லாமல் 'அவ்வளவாக ஒட்டவில்லை' என்று நிறுத்தினால் தமிழில் அது முடிந்துபோன தீர்ப்பு. ஆங்கில நிகழ்காலம் 'இப்போது இப்படி' என்று மட்டும்தான் சொல்கிறது. ஜூனில் வந்த பிள்ளைக்கு அந்த 'இப்போது'வைத் தமிழில் 'இன்னும்'தான் தாங்குகிறது. ஆசிரியரிடம் படித்துக் காட்டி அவர் சரி என்றால் சரி.

கொண்டைஊசி17

படித்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டார். அடுத்த அறிக்கையில் ஒரு பையனுக்கு 'இன்டிஃபரன்ட் ஹேண்ட்ரைட்டிங்' என்று இருந்தது. 'கையெழுத்து சுமார்' என்று போட்டுவிட்டேன்.

ஜவ்வரிசி

சுமாருக்குக் கொஞ்சம் கீழேன்னு ஐயா சொன்னாருங்களே.

கொண்டைஊசி17

கையெழுத்தை நேரில் பார்த்தேன் தம்பி. சுமார் என்பதே தாராளம்.